நிற்கும் மோட்டாருக்கு எத்தனை ஆம்பியர்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு யாரும் என்னிடம் வீரத்தைத் தேட வேண்டியிருக்காது. மின்சார வேலை பார்க்கிறவனுக்குப் பயம் இருக்க வேண்டும் என்று தொழிற்பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது கரண்டைப் பற்றிய பயம். எனக்கு இருந்தது ஆள்களைப் பற்றிய பயம். மேசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும், அவரைக் கண்டதும் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் தோட்டத்தில் கிராணி என்ற கணக்குப்பிள்ளையின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அப்பாவின் பிள்ளை வேறு எப்படி இருப்பான்?

எண்பதுகளின் நடுவில் மலேசியாவில், ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷனாக இருந்தேன். ரப்பர், ஈயம், செம்பனை எண்ணெய் எல்லாம் ஒன்றாக விலை விழுந்து, ஊரெங்கும் ஆள் குறைத்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் தொழிற்சாலையில் அது வெள்ளிக்கிழமைகளில் நடந்தது. மத்தியானம் ஆபீஸிலிருந்து ஒருவரைக் கூப்பிடுவார்கள். போனவர் திரும்பி வந்து, சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டுக்கு நடப்பார். எங்கள் பகுதியில் மூன்று டெக்னீஷன்கள் இருந்தோம். இரண்டு வெள்ளிக்கிழமைகளுக்குப் பிறகு நான் மட்டும் மிச்சம். என்னை ஏன் வைத்திருந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதற்கும் "சரி சார்" என்று சொல்வேன் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்போதுதான் சிங்கப்பூரிலிருந்து பழைய மெஷின் ஒன்று லோரியில் வந்து இறங்கியது. டார்ச்லைட் பல்புகளை அட்டையில் வைத்து, மேலே பிளாஸ்டிக் மூடியைச் சூட்டில் ஒட்டும் மெஷின். இப்படியும் அப்படியும் நகரும் சிறிய மேசை ஒன்று. அதற்கு மேலே ஆறு கிலோ எடையில் ஓர் இரும்புத் தலை. தலைக்குள் ஹீட்டர். மேசையை நகர்த்த இரண்டு ஸ்டெப்பர் மோட்டார், தலையைப் பல் வைத்த பெல்ட்டில் ஏற்றி இறக்க ஒன்று, ஆக மூன்று. ஸ்டெப்பர் மோட்டார் மின்விசிறி மாதிரி கடகடவென்று சுற்றாது. அடியடியாக வைக்கும். நூறு அடி என்றால் நூறு அடி வைத்து, அங்கேயே உறுதியாக நிற்கும். மெஷினில் எல்லாம் இருந்தது, மோட்டார்களுக்குக் கரண்டு கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி மட்டும் இல்லை. விற்றவன் கழற்றிக்கொண்டான் போலிருக்கிறது.

மேனேஜர் யாழ்ப்பாணத்தார். அவருடைய அப்பா ஏதோ ஒரு தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்தவர் என்று பேச்சு. கெட்ட மனிதர் இல்லை. குரலை உயர்த்தவே மாட்டார். எனக்கு அதுதான் இன்னும் பயம்.

"தம்பி, பவர் சப்ளை எவ்வளவு பெரிசு வேணுமெண்டு நீயே பார்த்துச் சொல்லு. தேவைக்கு மேல வாங்கினா மேலிடத்தில கேட்பினம். விரலுக்குத் தக்கன வீக்கம்தான்" என்றார்.

மோட்டாரின் மேல் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தேன். ஒரு சுருளுக்கு இரண்டு ஆம்பியர். ஒரே நேரத்தில் இரண்டு சுருளில் கரண்டு ஓடும், ஆக ஒரு மோட்டாருக்கு நான்கு. மேசை நகரும்போது தலை மேலே சும்மா நிற்கிறது. தலை இறங்கும்போது மேசை சும்மா நிற்கிறது. எந்த நேரத்திலும் இரண்டு மோட்டாருக்கு மேல் ஓடப்போவதில்லை. நாலும் நாலும் எட்டு. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு. பத்து ஆம்பியர் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பத்துக் காணுமோ?" என்று கேட்டார்.

"போதும் சார்" என்றேன்.

பெட்டி வந்தது. டிரான்ஸ்ஃபார்மர், டையோடு, பெரிய கெப்பாசிட்டர் ஒன்று, அவ்வளவுதான். மாட்டி ஓட்டிப் பார்த்தேன். மேசை அழகாக நகர்ந்தது, தலை அழகாக இறங்கி ஏறியது. அரை மணி நேரம் ஓட்டுவேன், அணைத்துவிட்டு வேறு வேலைக்குப் போவேன். மறுபடி அரை மணி நேரம். குறை ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் எல்லாருக்கும் சொல்லி வைத்தேன். மாலையில் மெயினை அணைப்பதற்கு முன்னால் தலைக்கு அடியில் ஒரு ரப்பர் மரக் கட்டையை முட்டுக்கொடுக்க வேண்டும். தலையைத் தூக்கிப் பிடித்திருப்பதே மோட்டாரில் ஓடும் கரண்டுதான். கரண்டு போனால் தலை விழும்.

அந்த மெஷினுக்கு யாரைப் போடுவது என்று சூப்பர்வைசர் யோசித்து, கை வேகம் உள்ள ஒருத்தியைப் போட்டார். அவள் என் மனைவி.

எங்களுக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாதம். அவள் கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்துப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு இதே தொழிற்சாலையில் சேர்ந்தாள். பத்தாங் காலியில் வாடகை வீடு, காலையில் தொழிற்சாலை பஸ், அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். என்னைப்போல இல்லை அவள். சூப்பர்வைசரையே கிண்டல் பண்ணுவாள். புருஷன் பூட்டிய மெஷினில் பெண்டாட்டி வேலை பார்க்கிறாள் என்று மற்றப் பெண்கள் கேலி செய்தபோது, "அதனாலதாங்க தைரியமா கைய வைக்கிறேன்" என்றாளாம். கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

வேலை எளிதானது. தலை மேலே நிற்கும்போது இரண்டு கையையும் உள்ளே விட்டு நான்கு பல்பு, நான்கு மூடி வைக்க வேண்டும். கையை எடுத்து, காலால் பெடலை மிதித்தால் மெஷின் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அவள் கை அந்தச் சூட்டுத் தலைக்கு அடியில் போய் வந்தது.

முதல் முழு நாள் ஓட்டத்தில், மத்தியானம் மூன்று மணி வாக்கில், அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, உங்க மிசினு தூங்கி விழுது பாருங்க."

"என்ன ஆச்சு?"

"டக்குனு ஒரு சத்தம். தல கொஞ்சம் எறங்கி நிக்கிது."

பார்த்தேன். தலை ஒரு விரற்கடை கீழே நின்றது. பெட்டியைத் தொட்டேன். கை வைக்க முடியாத சூடு. மீட்டரை வைத்தேன். காலையில் இருபத்து நான்கு வோல்ட் காட்டியது இப்போது பதினெட்டுக்கு வந்திருந்தது. "ஒண்ணுமில்ல, புது பெல்ட்டு, அப்படித்தான் இருக்கும்" என்று அவளிடம் சொன்னேன். பெல்ட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், எல்லாரும் கேன்டீனுக்குப் போன பிறகு, பெட்டியிலிருந்து வரும் கம்பியைக் கழற்றி நடுவில் ஆம்பியர் மீட்டரைச் சேர்த்தேன். கட்டையை முட்டுக்கொடுத்து மெயினைப் போட்டேன். மூன்று மோட்டாரும் அசையாமல் நின்றன. ஒன்றும் ஓடவில்லை, ஆகவே ஊசி ஆரம்பத்திலேயே கிடக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஊசி ஏறியது. எட்டைத் தாண்டியது. பத்தைத் தாண்டியது. பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் போய் நின்றது.

மெயினை அணைத்தேன்.

என் கணக்கு எங்கே பிசகியது என்பது அப்போதுதான் புரிந்தது. அது தொழிற்பள்ளியில் படித்த கணக்கே இல்லை, தோட்டத்துக் கணக்கு. விடிவதற்கு முன் பெரட்டில் ஆள்களை வரிசையாக நிற்க வைத்துக் கிராணி பெயர் வாசிப்பார். காட்டுக்குப் போய்ப் பால் வெட்டியவனுக்குத்தான் அன்றைக்குப் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். மழை என்று மரத்தடியில் நின்றவனுக்குப் பேர் கிடையாது, அரை நாள் வெட்டியவனுக்கு அரைப் பேர். அம்மாவும் அப்பாவும் சாயங்காலம் பேசிக்கொள்வதே "இன்னைக்குப் பேரு விழுந்துச்சா" என்பதுதான். அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். மூன்று மோட்டாரையும் பெரட்டில் நிறுத்தி, ஓடுகிற இரண்டுக்குப் பேர் போட்டு, நிற்கிற ஒன்றுக்குப் பேர் இல்லை என்று எழுதிவிட்டேன். ஸ்டெப்பர் மோட்டாருக்கு நிற்பதுதான் பெரிய வேலை. ஓடும்போதாவது கரண்டு கொஞ்சம் குறையும், நிற்கும்போது முழுதாகத் தின்னும். அதிலும் ஆறு கிலோவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே, அதற்கு நான் பூஜ்யம் போட்டிருந்தேன்.

மூன்றுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. சூட்டுக்கும் தேய்வுக்கும் கால்வாசி சேர்த்தால் பதினைந்து. அதற்குக் குறைந்து எதை வாங்கினாலும் டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும், வோல்ட் இறங்கும், பிடி தளரும். இப்போது ஒரு சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

மேனேஜரிடம் சொல்லத்தான் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். ஆபீஸ் கதவைத் திறந்தபோது அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை கப்பலுக்கு அட்டைகள் போய்ச் சேர வேண்டும், தவறினால் அந்த வாடிக்கையாளரே போய்விடுவார் என்பது அவர் பேச்சிலிருந்து தெரிந்தது. போனை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"எல்லாம் ஓகேதானே தம்பி?"

"ஓகே சார்."

அந்த இரண்டு வார்த்தையை இத்தனை வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அன்று மாலை கோலாலம்பூரில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக்கொடுக்கும் ஒரு கடைக்குப் பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டு, பதினைந்து ஆம்பியரில் ஒன்று சுற்றச் சொன்னேன். யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம் என்பது திட்டம். ஐந்து நாள் ஆகும் என்றார்கள். ஐந்து நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த நாள்களில் எனக்கு எந்தச் சத்தம் கேட்டாலும் அது தலை இறங்கும் "டக்"காகவே கேட்டது. பஸ்ஸில் கதவு சாத்தினால் திடுக்கிடுவேன். வீட்டில் அவள் பானையை இறக்கி வைத்தால் திரும்பிப் பார்ப்பேன். ஸ்டோரிலிருந்து ஒரு மேசை விசிறியைத் தூக்கி வந்து பெட்டிக்கு எதிரே வைத்தேன். வேலை இல்லாமலே மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன், போல்ட்டைத் துடைத்தேன், துடைத்த போல்ட்டையே மறுபடி துடைத்தேன்.

"கைய சீக்கிரம் எடுத்துரு" என்று அவளிடம் சொல்வேன்.

"நீங்க ஏன் இங்கயே நிக்கிறீங்க? பாக்குறவங்க சிரிக்கிறாங்க. போங்க."

அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் என் மேனேஜர் இல்லை, அவள் எதிரில் மேசையும் நாற்காலியும் இல்லை. "இந்த மெஷினில் கை வைக்காதே, வயிற்று வலி என்று சொல்லி வீட்டிலேயே இரு" என்றால் முடிந்தது. நான் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். கேட்டால், "தைரியமா கைய வைக்கிறேன்" என்று ஊரெல்லாம் சொன்னவளிடம் நான் தப்பாகக் கணக்குப் போட்டவன் என்று சொல்ல வேண்டும். என் மானத்தை அவள் விரலுக்கு மேலாக வைத்தேன். இதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்யாகிவிடும்.

நான்காவது நாள் மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்து, வராமலே போனது. தகரக் கூரைக்குக் கீழே மூச்சு முட்டியது. விசிறி சூட்டுக் காற்றையே அள்ளி வீசியது. மூன்று மணி தாண்டிக் கொஞ்ச நேரம் இருக்கும். நான் மெஷினிலிருந்து நாலைந்து அடி தள்ளி நின்றேன். அவள் இடது கையால் மூடிகளை வைத்துக்கொண்டிருந்தாள்.

டக். டக்.

தலை இரண்டு பல் இறங்கியது. இறங்கி, நின்றது.

நின்றது என்பதை நான் பிற்பாடுதான் நினைவில் பார்த்தேன். அந்த நொடியில் பார்த்தது அவள் கையையும் அதற்கு மேலே இருந்த இரும்பையும் மட்டும்தான். ஆபத்து என்றால் அணை என்று தொழிற்பள்ளியில் மந்திரம்போல் ஓதியிருந்தார்கள். பாய்ந்து போய்ச் சிவப்புப் பட்டனை உள்ளங்கையால் அடித்தேன்.

கரண்டு போனது. தலை விழுந்தது.

கட்டையை முட்டுக்கொடுக்காமல் அணைக்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். சுவரில் மலாயிலும் தமிழிலும் எழுதி ஒட்டியவனும் நான். அவள் கத்தியது காதில் விழுந்த பிறகும் என் கை பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தது.

நடு விரலும் மோதிர விரலும். எலும்பு நசுங்கி, தோல் வெந்திருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வெட்டி எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் இனி மடங்காது என்றார்கள். மறுநாள் மேனேஜர் பழப் பையோடு பார்க்க வந்தார். கூடவே ஒரு பாரமும் கொண்டுவந்திருந்தார். விபத்து நடந்தால் நிரப்ப வேண்டிய படிவம்.

"என்ன நடந்ததெண்டு சொல்லுங்கோ. மெஷினை நிப்பாட்டினது ஆர்?"

நான் வாயைத் திறந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் திறந்தேன். பத்து ஆம்பியர், ஊசி, கடையில் சுற்றச் சொன்ன டிரான்ஸ்ஃபார்மர், பட்டன், எல்லாவற்றையும். அதற்குள் அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இவருதான் சார் ஓடி வந்து மிசின அடைச்சாரு. தல தானா எறங்கி என் கையில உக்காந்துருச்சு. இவரு அடைக்கலேன்னா கையே வெந்து போயிருக்கும்."

மேனேஜர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல காலம் நீ பக்கத்தில நிண்டது" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு என்ன கேட்டாலும் கிடைத்தது. "பெரிய பவர் சப்ளை வேணும் சார், தலைக்குப் பின்னால எடைக்கல்லும் கட்டணும், கரண்டு போனாலும் விழக்கூடாது" என்றேன். காரணம்கூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். மூன்று மோட்டாரும் நிற்பதாக வைத்து, முழுக் கணக்குப் போட்டு, பதினைந்து ஆம்பியரை மாட்டினேன். நாள் முழுக்க ஓடினாலும் பெட்டி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஒரு "டக்"கூடக் கேட்கவில்லை. இவ்வளவுதான் வேலை. ஆள் குறைப்பு முடியும்வரை எந்த வெள்ளிக்கிழமையிலும் என்னைக் கூப்பிடவில்லை.

அவளோ அந்தக் கதையை ஒரு வீடு விடாமல் சொன்னாள். கல்யாண வீட்டில் சொன்னாள், கோவிலில் சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள். சொல்லும்போது விறைத்த இரண்டு விரலையும் தூக்கிக் காட்டி, "இதாவது இருக்குன்னா இவராலதான்" என்பாள். கேட்டவர்கள் என் முதுகில் தட்டுவார்கள். மெஷின் தெரிந்தவர் யாராவது, "அதெப்படி, அடைத்தால்தானே விழும்?" என்று கேட்டுவிடுவாரோ என்று கூட்டத்தில் முகம் முகமாகப் பார்ப்பேன். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. தஞ்சோங் காராங்கிலிருந்து வந்திருந்த அவளுடைய தாய்மாமன் கதையைக் கேட்டு, எனக்கு ஆசீர்வாதம் செய்துவிட்டு, அப்போதுதான் பஸ் ஏறப் போயிருந்தார். அவள் அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து, அவர் கொண்டுவந்த காய்ந்த நெத்திலியைத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். இடது கையில் பிடிக்க முடியாததால் நெத்திலியை முழங்காலில் அழுத்தி வைத்துக் கிள்ளினாள். அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"இனிமே யாருகிட்டயும் அந்தக் கதையச் சொல்லாத" என்றேன்.

"ஏன்?"

"தலை எறங்கி நின்னுருச்சு. உன் கையில படவே இல்ல. நான் அடைச்சதாலதான் விழுந்துச்சு."

அவள் கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"என் கைதானே உள்ள இருந்துச்சு, எனக்குத் தெரியாதா? நீங்க பட்டனுக்கிட்ட ஓடுறதப் பாத்தேன். வேணாம்னு கத்த வாயத் தொறந்தேன், சத்தம் வரல. அதுக்குள்ள அடைச்சிட்டீங்க."

"அப்ப மேனேஜர்கிட்ட ஏன் அப்படிச் சொன்ன?"

"நீங்க எல்லாத்தையும் கொட்டிடுவீங்கன்னு மூஞ்சியிலயே தெரிஞ்சிச்சு. கொட்டுனா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. எனக்கும் கை இல்ல, உங்களுக்கும் வேல இல்லன்னா என்னா பண்றது? பயமா இருந்துச்சுங்க. அதான் சொன்னேன். ஒருவாட்டி மட்டும் சொன்னா பொய்யின்னு தெரிஞ்சிரும், அதான் எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

எனக்கு அழுகை வந்தது. பயம் என் ஒருவனுக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன். அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, அந்த இரண்டு விரலையும் பிடித்துக்கொண்டேன். நெத்திலி வாடை அடித்தது. மனசு லேசானது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஆமா, ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன்" என்றாள். "அது அப்படி எறங்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"தெரியாது" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, அடுத்த நெத்திலியை எடுத்தாள்.